பாதி வருசத்தில கார் மாத்தினா இன்சூரன்ஸ் காசு என்னாகும்?

தம்பி, நீங்கள் கேட்டது எனக்கு இப்பிடித்தான் விளங்குது. உங்களிட்ட ஒரு அல்டோ நிக்குது, புல் இன்சூரன்ஸ், வருசக் காசு 72,000 ரூபாவையும் ஒரேயடியா கட்டிப்போட்டியள், அதில அஞ்சு மாசம் ஓடி முடிஞ்சுது. இப்ப அல்டோவை மல்லாவியில ஒருத்தருக்கு விக்கப்போறியள், குருநாகலில ஒரு வாகன்ஆர் பாத்து வச்சிருக்கிறியள், அதுக்கு கொஞ்சக் காசு லீசிங். அல்டோவை வாங்கிறவர் "இன்சூரன்சை அப்பிடியே விடுங்கோ, நான் இருபதாயிரம் கூடத் தாறன்" எண்டுறார். உங்கட ஏஜென்ட் "பழசை கான்சல் பண்ணிப்போட்டு புதுசு ஒண்டு போடுவம்" எண்டுறார். மிச்ச ஏழு மாசக் காசும் போனமாதிரித்தானோ எண்டு நீங்கள் கேக்கிறியள்.

போகேல்ல. ஆனா அவை ரெண்டு பேரும் சொல்லுறதைக் கேட்டா போயிடும்.

நான் கிளிநொச்சியில ஒரு இன்சூரன்ஸ் கிளையில கனகாலம் கவுண்டரில இருந்தனான், இப்ப வெளியில நிண்டு ஆக்களுக்கு கிளெயிம் அலுவல் பாத்துக் குடுக்கிறன், அதால எந்தக் கொம்பனிக்கும் கதைக்க வேண்டிய தேவை எனக்கில்லை. வாகனம் மாத்திற நேரத்தில வாற கரைச்சல்தான் நான் ஆகக் கூடப் பாத்தது, அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல்ல உங்கட பொலிசியோட வந்த அந்த ஒரு பக்கத் தாளை எடுத்துப் பாருங்கோ, செடியூல் எண்டு மேல போட்டிருக்கும். அதில உங்கட பேர், அடையாள அட்டை நம்பர், அதுக்குக் கீழ வாகன நம்பர், செசி நம்பர், எஞ்சின் நம்பர், செய்த வருசம், பெறுமதி, என்ன பாவனை எண்டெல்லாம் வரிசையா இருக்கும். கொம்பனி உங்களோட செய்த ஒப்பந்தம் முழுக்க அந்த வரியளுக்குள்ளதான் நிக்குது. இந்த ஆள், இந்த செசி நம்பர். ரெண்டில ஒண்டு மாறினாலும், கொம்பனி எழுத்தில ஒத்துக்கொள்ளாத வரைக்கும் அங்க ஒப்பந்தம் இல்லை. அல்டோவை நீங்கள் வித்த உடன அந்தக் காரில உங்களுக்கு ஒரு உரித்தும் இல்லை, அது உடைஞ்சா உங்களுக்கு நட்டமும் இல்லை, நட்டமே இல்லாத ஆளுக்கு கொம்பனி ஏன் நட்டஈடு தரவேணும்? வாங்கினவருக்கும் தராது, ஏனெண்டா அவரோட கொம்பனி ஒரு கதையும் கதைக்கேல்ல. அதே மாதிரி வாகன்ஆரின்ர செசி நம்பர் எந்தத் தாளிலயும் இல்லை. ஆக, நீங்கள் காசு கட்டின பொலிசி கையில இருக்க, ரெண்டு காரும் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடும். இதைத்தான் எங்கட ஆக்கள் கனபேர் விளங்கிக்கொள்ளுறேல்ல, கார்ட்டில திகதி முடியேல்ல எண்டா எல்லாம் சரி எண்டு நினைக்கினம்.

மல்லாவிக்காரர் தாற இருபதாயிரத்துக்கு வருவம். பொலிஸ் மறிச்சா அவர் அந்தக் கார்ட்டைக் காட்டிப்போட்டுப் போகலாம், வாகன நம்பர் பொருந்துது, திகதி இருக்கு, பொலிசுக்கு அதுக்கு மேல தெரியாது. அதாலதான் இந்தப் பழக்கம் இவ்வளவு காலமும் ஓடுது. பிரச்சினை வாறது அடிபட்ட பிறகு. ஒட்டுசுட்டான் பக்கத்து ஆள் ஒருத்தர் இப்பிடித்தான் ஒரு காரை இன்சூரன்சோட சேத்து குடுத்தவர், வாங்கினவர் இரவில மாடு ஒண்டுக்கு விலத்தப் போய் மதகில ஏத்திப்போட்டார், முன்பக்கம் முழுக்க நசுங்கி ரேடியேற்றர் சீற்றுக்கு வராத குறை. கொம்பனிக்கு போன் போனது, கொம்பனியின்ர ஆள் வந்து படம் எடுத்தவர், எல்லாம் ஒழுங்காத்தான் போனது. பிறகு கிளெயிம் போமில கையெழுத்து வைக்க பொலிசிக்காரர் வரவேணும் எண்டவை. அவர் வந்தார், "கார் இப்ப ஆற்ர?" எண்டு ஒரு கேள்வி, அவர் உண்மையைச் சொன்னார், அதோட முடிஞ்சுது. வாங்கினவர் விட்டாரே? குடுத்த இருபதையும் திருப்பித் தா, திருத்திற காசையும் தா எண்டு மூண்டு மாசம் இவற்ற வீட்டு வாசலில. அவர் பொய் சொல்லியிருந்தா அது வேற மாதிரிப் போயிருக்கும், மோசடி எண்டு வழக்கே வரலாம், அந்தப் பக்கம் யோசிக்கவே வேண்டாம்.

வாங்கிறவருக்கு உண்மையாவே இன்சூரன்ஸ் வேணுமெண்டா அதுக்கு நேர் வழி இருக்கு, ரெண்டு பேருமாப் போய் கொம்பனியில எழுதிக் குடுத்து பொலிசியை அவற்ற பேருக்கு மாத்தலாம், கொம்பனி சம்மதிச்சா. ஆனா உங்கட விசயத்தில அது உங்களுக்கு லாபம் இல்லை, ஏனெண்டு கணக்கில காட்டுறன்.

வரியை விட்டுப்போட்டு வெறும் கட்டணத்தை மட்டும் பாப்பம், சுகமா விளங்கும். 72,000 எண்டா மாசம் 6,000. மிச்சம் ஏழு மாசம், அப்ப உங்கட காசு இன்னும் 42,000 கொம்பனியிட்ட கிடக்குது. ஏஜென்ட் சொல்லுற மாதிரி நீங்களாப் போய் கான்சல் பண்ணினா இந்த 42,000 திரும்பி வரும் எண்டு நினைக்காதேங்கோ. கொம்பனி தானா நிப்பாட்டினா ஒரு கணக்கு, நீங்கள் நிப்பாட்டினா வேற கணக்கு. நீங்கள் நிப்பாட்டினா குறுங்கால அட்டவணை எண்டு ஒண்டைத் தூக்குவினம். பழைய காலத்தில இருந்து வாற அட்டவணையின்ர போக்கு கிட்டத்தட்ட இதுதான்: ஒரு மாசம் ஓடியிருந்தா கால்வாசி அவைக்கு, மூண்டு மாசம் எண்டா அரைவாசி, ஆறு மாசம் வரைக்கும் முக்கால்வாசி, எட்டு மாசம் தாண்டினா ஒண்டும் திரும்பாது. கொம்பனிக்குக் கொம்பனி வித்தியாசம் இருக்கு, உங்கட பொலிசிப் புத்தகத்தில கான்சலேசன் எண்டு ஒரு பந்தி இருக்கும், அதைத் தேடி வாசியுங்கோ. இந்தக் கணக்குப்படி அஞ்சு மாசம் ஓடின உங்களுக்கு 54,000 போக 18,000 திரும்பும். அதுவும் இந்த வருசத்துக்குள்ள ஒரு கிளெயிமும் எடுக்காட்டித்தான், எடுத்திருந்தா அந்தப் 18,000மும் இல்லை. முத்திரை வரி, பொலிசி பீஸ் மாதிரி சில்லறையள் எப்பிடியும் திரும்பாது.

இப்ப மற்ற வழி. பொலிசியை நிப்பாட்டாமல், அதே பொலிசிக்குள்ள அல்டோவை எடுத்துப்போட்டு வாகன்ஆரைப் போடுறது. எண்டோஸ்மென்ட் எண்டு சொல்லுவினம், கவுண்டரில போய் "வாகனம் மாத்திற எண்டோஸ்மென்ட்" எண்டு கேட்டா விளங்கும். வாகன்ஆருக்கு வருசத்துக்கு 108,000 எண்டு வைப்பம், மாசம் 9,000, ஏழு மாசத்துக்கு 63,000. உங்கட 42,000 அங்க கிடக்குது, மிச்சம் 21,000ஐக் கட்டினாச் சரி, அதுக்கு வற் வரி சேரும், 2024 ஜனவரியில இருந்து அது 18 வீதம். கான்சல் பண்ணுற வழியில உங்கட 42,000இல 24,000 காத்தில போகுது, இந்த வழியில ஒரு சதமும் போகேல்ல. மல்லாவிக்காரர் தாற இருபதாயிரத்தையும் இதோட வச்சுப் பாருங்கோ, அவர் உங்கட 42,000ஐ இருபதுக்குக் கேக்கிறார், அவ்வளவுதான்.

அப்ப ஏஜென்ட் ஏன் கான்சல் எண்டு சொன்னவர்? கெட்ட மனுசன் எண்டு நான் சொல்ல வரேல்ல, அவருக்கு புதுப் பொலிசியில வாற கொமிசன் பெரிசு, 21,000 ரூபா எண்டோஸ்மென்ட்டில வாறது சில்லறை, அதுக்கு ரெண்டு தரம் ஒபிசுக்கு அலையவும் வேணும். கிளைக்குள்ளயும் மாச டார்கெட் எண்டு ஒண்டு இருக்கு, அதில புதுப் பொலிசியைத்தான் எண்ணுவினம். அதால நீங்களா வாய் திறந்து கேக்காட்டி ஒருத்தரும் சொல்லமாட்டினம். கிளைக்கு நேர போங்கோ, ஏஜென்டையும் கூட்டிக்கொண்டே போங்கோ, முகம் முறியாது.

கான்சல் வேண்டாம் எண்டுறதுக்கு இன்னொரு காரணம் நோ கிளெயிம் போனஸ், கிளெயிம் எடுக்காத ஆளுக்கு கட்டணத்தில குடுக்கிற கழிவு. ஒரு கிளெயிமும் எடுக்காமல் முழுசா முடிச்ச வருசத்துக்குத்தான் அந்தக் கழிவு ஒரு படி ஏறும். அஞ்சாம் மாசத்தில நிப்பாட்டினா அந்த அஞ்சு மாசம் எந்தக் கணக்கிலயும் வராது, புதுப் பொலிசியில திரும்பவும் முதலாம் மாசத்தில இருந்து ஓடவேணும். எண்டோஸ்மென்ட் எண்டா பொலிசியின்ர திகதி மாறாது, இன்னும் ஏழு மாசத்தால புதுப்பிக்கேக்க படி ஏறும். அந்தக் கழிவு காருக்கு இல்லை, உங்களுக்கு. கார் போனாலும் அது உங்களோட வரும், ஆனா அதே வகை வாகனத்துக்குத்தான். காரில சேத்த போனசை உழவு மெசினுக்கோ ஓட்டோவுக்கோ கேட்டா குடுக்காயினம். எப்பிடியோ கொம்பனி மாறத்தான் வேணும் எண்டு வந்தா, போக முதல் போனஸ் எத்தினை வீதம், எத்தினை வருசம் கிளெயிம் இல்லை எண்டு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கோ. பிறகு போய்க் கேட்டா இழுத்தடிப்பினம்.

காசுக் கதை இவ்வளவுதான். இனி நான் பெரிசா நினைக்கிற விசயம், நீங்கள் கேக்காத விசயம்: குருநாகலில இருந்து வீட்டுக்கு வாற அந்த ஒரு ஓட்டம்.

எங்கட ஆக்கள் கார் வாங்கிறது எப்பிடி? விடிய வான் பிடிச்சுப் போவினம், காரைச் சுத்திப் பாப்பினம், மெக்கானிக்கும் கூட வருவார், பேரம் பேசி காசு குடுத்து முடிய பின்னேரம் ஆகும். பிறகு தம்புள்ளையில சாப்பாடு, அங்கால ஏ9 வழிய இரவோட இரவா வாறது. ஆரும் முந்தி ஓடிப் பழகாத கார், பிரேக் எவ்வளவு பிடிக்கும் எண்டு தெரியாது, லைற் எவ்வளவு தூரம் அடிக்கும் எண்டு தெரியாது, விடிய எழும்பின களைப்பு. மதவாச்சி தாண்டினா யானை, ஓமந்தை தாண்டினா மாடு, மழை நாள் எண்டா சூடு பாத்து நடுறோட்டில படுத்திருக்கும், கறுப்பு மாடெண்டா முட்டிற அளவு கிட்ட வந்தாத்தான் தெரியும். மாங்குளத்தில திரும்பி ஒட்டுசுட்டான் வழிய புதுக்குடியிருப்புக்கு வாற துண்டில வெளிச்சமும் இல்லை. 200 கிலோமீற்றருக்கு மேல இந்த ஓட்டம். அந்தக் கார் உங்கட கையில இருக்கப்போற காலத்திலயே ஆகக் கூடின ஆபத்து இந்த இரவுதான், இந்த இரவில தான் கனபேரிட்ட இன்சூரன்ஸ் இல்லை. வித்தவர் சொல்லுவார் "ஒக்டோபர் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்கு, பயப்பிடாமல் ஓடுங்கோ" எண்டு. அது அவற்ற இன்சூரன்ஸ், மேல சொன்ன கதைதான், அவர் காசை எண்ணி வாங்கின உடன அது உங்களுக்குப் பயன்படாது.

அதால போற நாளுக்கு முதலே இதைச் செய்யுங்கோ. வாகன்ஆரின்ர சீஆர் புத்தகத்தை, அதான் பதிவுப் புத்தகத்தை, படம் எடுத்து வட்ஸ்அப்பில வாங்குங்கோ, நேர்மையா விக்கிற ஆள் அனுப்புவார், அனுப்ப மறுத்தா அதுவும் ஒரு செய்திதான். செசி நம்பர், எஞ்சின் நம்பர் தெளிவாத் தெரியவேணும். அதோட கிளைக்குப் போய், இந்தத் திகதி இத்தினை மணியில இருந்து எண்டு எழுதி எண்டோஸ்மென்ட்டுக்கோ, அது உடன ஏலாட்டி கவர் நோட்டுக்கோ (பொலிசி வரும் வரைக்கும் தாற தற்காலிகக் காப்புத் தாள்) கேளுங்கோ. நேரத்தையும் போடச் சொல்லுங்கோ, திகதி மட்டும் இருந்தா பேந்து அடிபட்ட நேரம் முந்தியோ பிந்தியோ எண்டு இழுபறிப்படுவியள். பாவிச்ச கார் எண்டா புல் இன்சூரன்ஸ் போட முதல் கொம்பனி காரைப் பாக்கவேணும் எண்டும் சொல்லலாம், இப்ப கன இடத்தில போனில நாலு பக்கமும் படம், மீற்றர், செசி அடிச்ச இடம் எண்டு எடுத்து அனுப்பினாக் காணும், இல்லாட்டி குருநாகல் கிளையிலயே காட்டலாம், கன கொம்பனிக்கு அங்க கிளை இருக்கும்.

"அண்ணை நான் சொல்லிட்டன், போட்டாச்சு, நீங்கள் ஓடுங்கோ" எண்டு ஏஜென்ட் போனில சொன்னா அது இன்சூரன்ஸ் இல்லை. கவர் நோட்டின்ர படமோ, கொம்பனியின்ர நம்பரில இருந்து வந்த செய்தியோ, ஏதோ ஒண்டு எழுத்தில கையில இருக்கவேணும். அது வராமல் திறப்பை வாங்காதேங்கோ. ஒண்டுமே சரிவரேல்ல, வெள்ளிக்கிழமை பின்னேரம், ஒபிஸ் பூட்டியாச்சு எண்டா, காரை வித்தவற்ற வளவிலயே விட்டுட்டு வந்து திங்கள் போய் எடுங்கோ. ஒரு பயணச் செலவு கூட, ஆனா அறுபது லட்சம் சாமான்.

பேப்பர் வந்த உடன கவுண்டரில நிண்டே வாசியுங்கோ. எண்டோஸ்மென்ட் தாளை அடிக்கிற பிள்ளை பழைய பதிவுக்கு மேல திருத்தித்தான் அடிக்கும், அதில ஒரு வரி தப்பும். வாகன நம்பரும் செசி நம்பரும் புதுசு, எஞ்சின் நம்பர் மட்டும் பழைய காரின்ரது எண்டு வந்த தாள் என்ர கையாலயே பல தரம் திருப்பி அனுப்பியிருக்கிறன். சீஆர் புத்தகத்தைப் பக்கத்தில வச்சு ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சு ஒப்பிடுங்கோ, ஜப்பான் காருகளின்ர செசி நம்பரில நடுவில கோடு வரும், அதுக்குப் பின்னால வாற இலக்கங்களைத்தான் கூடப் பிழைக்க விடுவினம். பிறகு பாவனை எண்ட வரி. அல்டோ சொந்தப் பாவனை எண்டு இருந்திருக்கும். வாகன்ஆரை கலியாண வீட்டுக்கு, எயார்போட்டுக்கு எண்டு ஹயருக்கு விடுற எண்ணம் இருந்தா இப்பவே சொல்லி மாத்துங்கோ, கட்டணம் கூடும்தான், ஆனா சொந்தப் பாவனை எண்டு போட்டுட்டு பின் சீற்றில காசு குடுத்த ஆக்களை வச்சுக்கொண்டு அடிபட்டா, அந்த ஆக்கள் பொலிசுக்குக் குடுக்கிற வாக்குமூலமே கிளெயிமை மறுக்கக் காணும்.

பெறுமதி எண்ட வரியிலயும் கண் வையுங்கோ. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை, 2025 பெப்ரவரியிலதான் தனியார் காருகளுக்குத் திரும்ப விட்டவை, அதுக்கிடையில பழைய காருகளின்ர விலை எங்கயோ போயிட்டுது. கட்டணத்தைக் குறைக்க எண்டு அறுபது லட்சம் காரை நாப்பது எண்டு எழுதினா, முழுசா நொறுங்கினா மட்டும்தான் பாதிப்பு எண்டு நினைக்கிறியள், அப்பிடியில்லை. குறைச்சு எழுதினதுக்கு ஏத்த விகிதத்தில சின்னக் கிளெயிமையும் வெட்டுற நிபந்தனை பொலிசியளில இருக்கு, நாப்பதுக்கு எழுதினா மூண்டில ஒரு பங்கை உங்கட தலையில போடலாம். பம்பர் உடைஞ்சு மூண்டு லட்சம் பில் எண்டா ஒரு லட்சம் உங்கட பொக்கற்றில இருந்து. இந்த ஆசையில விழுந்த ஆக்களை நிறையக் கண்டிட்டன்.

அதோட, அல்டோவுக்கு எடுத்த மேலதிகக் காப்புகள் தானா மாறி வரும் எண்டு நம்பாதேங்கோ. வெள்ளம், புயல், கலவரம் எண்டு ஒவ்வொண்டும் தனித்தனியாப் போடுறது. இரணைமடுக் கதவு திறந்த 2018 டிசம்பர் வெள்ளத்தை நீங்களும் கண்டிருப்பியள், கிளிநொச்சி முல்லைத்தீவு ரெண்டிலயும் வாகனங்கள் சீற்று வரைக்கும் தண்ணிக்குள்ள நிண்டது. அதுக்குப் பிறகு எங்கட பக்கத்தில வெள்ளக் காப்பு இல்லாமல் புல் இன்சூரன்ஸ் போடுறதை நான் ஒத்துக்கொள்ளமாட்டன். வாகன்ஆர் ஹைபிரிட் வேற, பற்றரி சீற்றுக்குக் கீழ, தண்ணி போனா செலவு தாங்கேலாது.

அல்டோ பக்கத்து அலுவல் ஒண்டு பாக்கி. ஓபன் பேப்பரில குடுக்கப்போறியளோ? எங்கட பக்கத்தில முக்கால்வாசி விற்பனை அப்பிடித்தான், கையெழுத்தை வச்சு திகதி போடாமல் குடுக்கிறது, வாங்கினவர் அதையே இன்னொருத்தருக்குக் கை மாத்துறது. இன்சூரன்சை நீங்கள் வாகன்ஆருக்கு மாத்தின பிறகு அல்டோவில ஒரு காப்பும் இல்லை, ஆனா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில அது உங்கட பேரில நிக்கும். மல்லாவிக்காரர் இன்சூரன்ஸ் போடாமல் ஓடி ஆரையாவது அடிச்சுப்போட்டா, பொலிஸ் முதல்ல நம்பரைப் பாத்து உங்கட வீட்டுக்குத்தான் வரும், வழக்கு எண்டா பதிவுக்காரர் எண்டு உங்கட பேரும் அதில ஏறும். மூன்றாம் ஆள் இன்சூரன்ஸ், அதாவது அடிபட்ட மற்ற ஆளுக்கு வாற நட்டத்தை மட்டும் பாக்கிற இன்சூரன்ஸ், கட்டாயம் எண்டது 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில இருந்தே இருக்கு. அதால பேர் மாத்திற போமுகளில எம்.ரி.ஏ. 6 வாங்கிறவர் நிரப்பவேணும், எம்.ரி.ஏ. 8 விக்கிற நீங்கள், ரெண்டிலயும் திகதியைப் போட்டுக் குடுங்கோ, வித்த நாளும் நேரமும், வாங்கினவற்ற அடையாள அட்டை நம்பரும், மீற்றர் வாசிப்பும் எழுதி ரெண்டு சாட்சி வச்ச தாள் ஒண்டை நீங்கள் வச்சிருங்கோ, உங்கட எம்.ரி.ஏ. 8ஐ பதிவுத் தபாலில நீங்களே திணைக்களத்துக்கு அனுப்பிவிடுங்கோ. அவர் பேர் மாத்தினாலும் மாத்தாட்டிலும் உங்கட பக்கம் சுத்தம். அதோட, திறப்பைக் குடுக்க முதல் அவர் ஒரு மூன்றாம் ஆள் இன்சூரன்சாவது போட்டுக்கொண்டு வரட்டும், விலை சின்னது, அரை மணித்தியால அலுவல், வாகன வருமான உத்தரவுப்பத்திரம் புதுப்பிக்கவும் அவருக்கு அது எப்பிடியும் வேணும். கேக்க வெக்கப்பட வேண்டாம்.

ரெண்டு காரும் கொஞ்ச நாளைக்கு ஒரே நேரத்தில உங்களிட்ட நிக்கும் எண்டா, அதாவது வாகன்ஆர் வந்திட்டுது, அல்டோ இன்னும் போகேல்ல எண்டா, புல் இன்சூரன்சை வாகன்ஆருக்கு மாத்திப்போட்டு அல்டோவுக்கு மூன்றாம் ஆள் இன்சூரன்ஸ் ஒண்டைப் போட்டு விடுங்கோ. வாங்க வாற ஆக்கள் ஓடிப் பாக்கக் கேப்பினம், அதுக்கு அது இல்லாமல் றோட்டில இறக்கேலாது. ஆனா அப்ப அல்டோ உடைஞ்சா, எரிஞ்சா, களவு போனா உங்கட நட்டம்தான், ஓடிப் பாக்கிறவருக்குப் பக்கத்தில நீங்களும் ஏறி இருங்கோ. மற்றப் பக்கமா, அல்டோ போய் வாகன்ஆர் வர ஒரு மாசம் செல்லும் எண்டா, பொலிசியை அப்பிடியே உயிரோட வச்சிருக்க, இல்லாட்டி அந்த நாள்களைப் பின்னால நீட்டித் தர ஏலுமோ எண்டு கிளையில எழுத்தில கேளுங்கோ, எல்லா இடமும் செய்யாயினம், கேட்டவைக்குச் செய்து குடுத்த இடமும் இருக்கு.

லீசிங் எண்டீங்கள். லீசிங் கொம்பனிதான் முழு உரித்தாளர் எண்டு சீஆர் புத்தகத்தில ஏறும், அதால பொலிசியிலயும் அவையின்ர பேர் நிதி உரித்தாளர் எண்டு ஏறவேணும், அது ஏறின கடிதம் போகாமல் அவை காசை விடமாட்டினம். இதிலதான் ஒரு விளையாட்டு நடக்கும். லீசிங் ஒபிசில இருக்கிற பிள்ளை "எங்கட இன்சூரன்சையே போடுங்கோ, அப்பத்தான் கெதியா முடியும்" எண்டு தங்கட ஆளின்ர கொட்டேசனை நீட்டும். "என்னட்ட ஏற்கனவே பொலிசி இருக்கு, அதில வாகனத்தை மாத்தி உங்கட பேரையும் ஏத்தித் தாறன்" எண்டு சொல்லுங்கோ. தங்கட பட்டியலில இல்லாத கொம்பனி எண்டு சொன்னா, எழுத்தில தரச் சொல்லுங்கோ, கனதரம் அதோட அந்தக் கதை நிண்டுபோகும். குத்தகை ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்க முதல் இதை முடியுங்கோ, வச்ச பிறகு உங்கட சொல்லுக்கு அங்க பெறுமதி இல்லை.

கொம்பனி காரணம் இல்லாமல் எண்டோஸ்மென்ட் செய்ய மறுத்தாலோ, திரும்பவேண்டிய காசைத் தராமல் இழுத்தாலோ, முதல்ல கொம்பனியின்ர தலைமை ஒபிசுக்கு எழுதுங்கோ, அதுக்கும் பதில் இல்லையெண்டா இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், முறைப்பாடுகளை விசாரிக்க காப்புறுதி ஒம்புட்ஸ்மன் எண்டும் ஒருத்தர் இருக்கிறார். தமிழிலயே எழுதுங்கோ. ஆணைக்குழுவுக்கு பிரதி எண்டு கடிதத்தின்ர அடியில ஒரு வரி போட்டாலே கிளை மனேச்சரின்ர குரல் மாறும், அது நான் உள்ளுக்க இருந்தே கண்டது.

கடைசியா, நீங்கள் போறபோக்கில சொன்ன ஒரு வரி, "வாகன்ஆரை மனிசியின்ர பேரில எடுப்பம் எண்டு யோசிக்கிறன்" எண்டது. தம்பி, அப்பிடி எடுத்தா நான் மேல போட்ட கணக்கு முழுக்க மாறும். பொலிசி உங்கட பேரில, கார் அவவின்ர பேரில எண்டா கொம்பனி நேரடியா வாகனத்தை மாத்தித் தராது, பொலிசிக்காரர் பேரையும் சேத்து மாத்தவேணும், அதுக்குச் சில இடத்தில சம்மதிப்பினம், சில இடத்தில புதுப் பொலிசிதான் எண்டு நிப்பினம், நோ கிளெயிம் போனசை மனிசிக்கு விடுறதும் கொம்பனியின்ர விருப்பம். அவவுக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறதால லீசிங் சுகம் எண்டா, லீசை ரெண்டு பேரும் சேந்து எடுக்கிற வழியோ, நீங்கள் எடுத்து அவ பிணை நிக்கிற வழியோ இருக்கா எண்டு லீசிங் ஒபிசில கேளுங்கோ. அது சரிவராட்டி, அவவின்ர பேரில எடுக்கிறதெண்டே முடிவெண்டா, கிளைக்கு ரெண்டு பேருமா கலியாண எழுத்துப் பிரதியையும் கொண்டு போங்கோ, போனசையும் மிச்சக் காசையும் அவவின்ர பேருக்கு விடச் சொல்லி ஒரே கடிதத்தில கேளுங்கோ. என்ன பதில் வருது எண்டு பாத்துப்போட்டு, அதுக்குப் பிறகு குருநாகல்காரருக்கு அட்வான்சைக் குடுங்கோ.